யானை வயிற்றில் ஒரு ஊசி

டப்பாவில் ஒரு ஊசி குறைந்தது.

காந்தம் டப்பாவை அப்படியே கட்டிலில் கவிழ்த்தாள். கொக்கி ஊசிகள் உருண்டன. கத்தரிக்கோல், நூல் சுற்றிய அட்டைகள், பொம்மைக்கு வைக்கிற கறுப்புக் கண்கள், கம்பளி தைக்கிற மொட்டை ஊசிகள், எல்லாம் இருந்தன. கூர் ஊசி மட்டும் இல்லை. பெரிய கண் வைத்த, விரல் நீளக் கூர் ஊசி. அது குத்தியிருக்க வேண்டிய ஸ்பாஞ்சில் ஓட்டைதான் இருந்தது.

மெத்தையைத் தடவினாள். சோபா இடுக்கில் கையை விட்டாள். ஒரு பேனா மூடியும், புருஷன் மாசக்கணக்கில் தேடித் திட்டித் தீர்த்த ஸ்க்ரூடிரைவர் முனையும் வந்தன. ஊசி வரவில்லை.

வெளியே தூறல் பிடித்திருந்தது. அடுப்பில் டீ பொங்கி வழிந்த வாசனை வந்தது. அவள் எழுந்திருக்கவில்லை.

வேறு வீடாக இருந்தால், கிடக்குது கழுதை, கூட்டும்போது கிடைக்கும் என்று விட்டிருப்பார்கள். இவளால் முடியாது. இவள் பிழைப்பே அது. பிஸ்கட் கம்பெனியில் பெல்ட் போய் முடிகிற இடத்தில் ஒரு சின்னக் குகை மாதிரி டிடெக்டர் மெஷின் நிற்கும். ஒவ்வொரு பாக்கெட்டும் அதற்குள் நுழைந்து வெளியே வரணும். உள்ளே ஆணி, கம்பி, பிளேடு நுனி என்று துளி உலோகம் இருந்தாலும் சிவப்பு விளக்கு எரிந்து, கூவி, பெல்ட் நின்றுவிடும். அந்த மெஷினுக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவள் இவள். அதனால்தான் காந்தம் என்ற பேர். ஹேர்பின் போட்டு வேலைக்கு வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறாள். ஊரான் வீட்டுக் குழந்தைகள் வாயில் இரும்பு போய்விடக் கூடாது என்று அத்தனை வருஷம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்த்தவள்.

இப்போது ஊசி எங்கே?

கண்ணை மூடி யோசித்தாள். கடைசியாக எடுத்தது போன ஞாயிற்றுக்கிழமை.

கொக்கி ஊசியால் கம்பளி நூல் பின்னுகிற குரோஷா அவளுக்குப் பொழுதுபோக்கு. பொழுதைப் போக்கியதோடு நிற்காமல் வீட்டையும் நிறைத்துவிட்டது. ரிமோட்டுக்கு உறை, தண்ணீர் பாட்டிலுக்குச் சட்டை, கதவுக் கைப்பிடிக்குக் குல்லா. தெரிந்தவர் வீட்டில் நல்லது நடந்தால் ஒரு பொம்மை பின்னிக் கொடுப்பாள். யாரிடமும் காசு வாங்கியதில்லை. வாங்கினால் அது இன்னொரு வேலை ஆகிவிடும், எனக்கு ஏற்கனவே ஒரு வேலை இருக்கு என்பாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மடியில் மூன்று பொம்மைகள் இருந்தன. பக்கத்துத் தெருவில் இருக்கும் ரேடியோவின் மகளுக்கு வெள்ளை முயல். பிஸ்கட்டைப் பெட்டியில் அடுக்குகிற ரேடியோ வாயை மூட மாட்டாள் என்பதால் அந்தப் பேர். கம்பெனி சூப்பர்வைசருக்குப் பச்சை ஆமை. அவரே கேட்டு வாங்கிக்கொண்டது. மூன்றாவது, சாம்பல் நிற யானை.

யானை, சின்னவளின் குழந்தைக்கு.

சின்னவள் என்றால் கொழுந்தனின் மனைவி, இவளுக்கு ஓரகத்தி. நாலு வருஷம் ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்தவர்கள். இப்போது பேச்சுவார்த்தை கிடையாது.

பொம்மை பின்னி முடிக்கிற இடத்தில் ஒரு சூட்சுமம் உண்டு. கடைசியில் ஒரு வால் நூல் மிச்சம் நிற்கும். அதை ஊசியில் கோத்து, பொம்மையின் வயிற்றுக்குள் விட்டு, அந்தப் பக்கம் இழுத்து, ஒட்ட நறுக்கினால் நூல் முனை பஞ்சுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். பாதி வழியில் விட்டுவிட்டால் ஊசியும் சேர்ந்து ஒளிந்துகொள்ளும். அன்றைக்கு அவள் கை இறுகியிருந்தது. மனசில் ஏதாவது இருந்தால் பின்னல் இறுகிப்போகும், மொட்டை ஊசி நுழையாது. அதனால்தான் கூர் ஊசியை எடுத்தாள். மூன்றுக்கும் அதையேதான் மாற்றி மாற்றிக் கோத்தாள்.

அப்போது புருஷன் ஹெல்மெட்டோடு வாசலில் வந்து நின்றான். "தம்பி வீட்டுக்குக் கிளம்புறேன். மழை வர்றதுக்குள்ள போகணும். குடுக்கறதுன்னா இப்பவே குடு. இல்லன்னா உன் யானை முதல் பிறந்தநாளுக்குத்தான் போய்ச் சேரும்."

அவசரமாக எல்லாவற்றையும் வழித்துப் பையில் போட்டாள். கடைசியாக ஊசியில் எந்த நிற நூல் இருந்தது? சாம்பலா, வெள்ளையா, பச்சையா?

ஞாபகம் வரவில்லை.

புருஷனுக்குப் போன் போட்டாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். குழிக்குள் இறங்கிவிட்டால் சிக்னல் கிடையாது. கொழுந்தனுக்குப் போட்டாள். வெளியூர் லாரி ஓட்டுகிறவன். ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் போனை அணைத்துவிடுவான். சின்னவளின் நம்பர் இவளிடம் இல்லை. இருந்தது. சண்டை நடந்த அன்றைக்கே கோபத்தில் அழித்தாள்.

அந்தச் சண்டையும் இந்தக் குரோஷாவால் வந்ததுதான். வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்த நேரம். ரிமோட்டைக் கையில் எடுத்துக் காட்டிச் சின்னவள் சிரித்தாள். "எங்க அக்கா எதையும் விட்டுவைக்க மாட்டாங்க. எல்லாத்துக்கும் உறை போட்டாச்சு. மாமாவுக்கு மட்டும்தான் பாக்கி." எல்லோரும் சிரித்தார்கள். காந்தமும் சிரித்திருக்கலாம். நாக்கு முந்திக்கொண்டது. "எனக்குப் பின்னிப் போடவும் தெரியும், பெத்துப் போடவும் தெரியும். உனக்கு என்ன தெரியும்?"

கல்யாணமாகி நாலு வருஷமாக மருத்துவமனைப் படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்துச் சொன்ன சொல். சொல்லி முடித்ததுமே வாயைத் தைத்துக்கொள்ளலாம் போல இருந்தது. அடுத்த மாசமே கொழுந்தன் தனிவீடு பார்த்துப் போனான்.

இப்போது சின்னவளுக்குக் குழந்தை. தவழுகிற வயசு. கையில் கிடைத்ததை எல்லாம் வாயில் வைக்கிற வயசு.

பிள்ளையில்லாத குறையைக் குத்திக் காட்டியவள் அந்த வீட்டுக் குழந்தைக்கு அனுப்பிய பொம்மை. அதற்குள் ஊசி. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? பொம்மையும் ஊசியும் சேர்ந்தால் அதற்கு உலகத்தில் ஒரே அர்த்தம்தான்.

காந்தம் அடுப்பை அணைத்துவிட்டுக் குடையைக் கூட எடுக்காமல் இறங்கினாள்.

சின்னவள் வீட்டுக்குத்தானே முதலில் ஓடியிருக்க வேண்டும்? ஓடவில்லை. ரேடியோவின் மகளும் சின்னக் குழந்தைதான், அவள் வீடு பக்கம், கம்பெனி போகிற வழி என்று காரணம் எல்லாம் இருந்தது. உண்மைக் காரணம் வேறு. ஊசி முயலுக்குள் இருக்கட்டும், ஆமைக்குள் இருக்கட்டும் என்று மனசு கெஞ்சிக்கொண்டே வந்தது.

ரேடியோ தலை வாரிக்கொண்டு வாசலுக்கு வந்தாள். "என்ன காந்தம், நனைஞ்ச கோழி மாதிரி நிக்கிறே? உள்ள வா. டீ போடறேன். நேத்து என் மாமியார் பண்ணின கூத்தைக் கேளேன், நான் பாட்டுக்குச் சும்மா உக்காந்திருக்கேன்..."

"முயலைக் குடு."

"என்னது?"

"முயல். உன் பொண்ணுக்குக் குடுத்தேனே. எங்க அது?"

"தூங்குறா, பக்கத்துல வச்சிருக்கா. அதுக்குக் கல்யாணம் வேற பண்ணி வச்சிட்டா, ஒரு கரண்டிக்கு. எதுக்கு இப்போ?"

"அதுக்குள்ள ஊசி இருக்குமோன்னு பயமா இருக்கு."

ரேடியோ நின்றுபோனது. காந்தத்துக்குத் தெரிந்து அவள் வாய் மூடியது அதுதான் முதல் தடவை. உள்ளே ஓடினாள். தூங்குகிற பிள்ளையின் கையிலிருந்து முயலை மெல்ல உருவிக்கொண்டு வந்தாள். இருவரும் சேர்ந்து அமுக்கிப் பார்த்தார்கள். பஞ்சு கெட்டியாக அடைத்த வயிறு. விரலுக்குப் பிடிபடவில்லை.

"கத்தரியை எடுத்துட்டு வரவா?"

"வேண்டாம். கம்பெனிக்குக் கொண்டு போவோம். நம்ம மெஷின் சொல்லும்."

"நீ பெரிய ஆளுடி" என்றாள் ரேடியோ, வாய் திரும்பி வந்துவிட்டது. "எங்களை எல்லாம் வாசல்ல நிறுத்தி வளையலைக் கழட்டச் சொல்றே, தோட்டைக் கழட்டச் சொல்றே. நீயே ஊசியை வச்சுக் குடுக்கிறே."

"சொல்லு. நல்லா சொல்லு. இன்னைக்கு உனக்கு வாய் குடுத்திருக்கேன்."

"சொல்லத்தான் போறேன். இன்னைக்கு மட்டும் இல்ல, ரிட்டயர் ஆகுற வரைக்கும் சொல்வேன்."

கம்பெனியில் அடுப்புகள் சூடேற ஆரம்பித்திருந்தன. வெண்ணெயும் சர்க்கரையும் கருகிக் கலந்த அந்த மணம் கேட்டுக்கு வெளியிலேயே மூக்கில் ஏறும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் ஆகா என்பார்கள். ஒரு மாசத்தில் அவர்களுக்குப் பிஸ்கட் என்றாலே குமட்டும். தலைக்கு வலை, கைக்கு உறை, காலுக்கு வெள்ளைச் செருப்பு. எல்லாம் மாட்டிக்கொண்டு காந்தம் நேராக சூப்பர்வைசர் அறைக்குப் போனாள்.

அவர் கம்ப்யூட்டர் மேல் ஆமை கால் பரப்பிப் படுத்திருந்தது.

"சார், உங்க ஆமை வேணும்."

"ஏம்மா? அது என்ன தப்பு பண்ணுச்சு?"

சொன்னாள். அவர் ஆமையைச் சட்டென்று எடுத்தார், ஒரு தரம் குலுக்கிக் காதில் வைத்துப் பார்த்தார், பிறகு எட்ட வைத்தார். "இதைத் தலைக்கு வச்சு நேத்து மத்தியானம் ஒரு குட்டித் தூக்கம் போட்டேன்" என்றார், யாருக்கோ சாட்சி சொல்வது போல.

"ஓட்டம் தொடங்கறதுக்கு முன்னாடி சோதனைத் துண்டு விடுவோம்ல சார். அப்போ இதையும் விட்டுப் பாத்துடறேன்."

"திங்கற பொருளைத் தவிர எதுவும் அந்த பெல்ட்டுல ஏறக் கூடாதுன்னு போர்டு எழுதி மாட்டினதே நீதான்."

"ஆமா சார்."

"அப்புறம் பெல்ட்டை நீயே துடைச்சிடணும்."

"துடைச்சிடறேன் சார்."

"சீக்கிரம் விடு. எனக்கே இப்போ கழுத்துல குத்துற மாதிரி இருக்கு."

முதலில் வழக்கமான சோதனைத் துண்டு, இரும்புக் குண்டு பதித்த பிளாஸ்டிக் அட்டை, உள்ளே போனது. விளக்கு எரிந்தது, மெஷின் கூவியது, பெல்ட் நின்றது. சரியாகத்தான் வேலை செய்கிறது. அடுத்து ஆமை. கவிழ்ந்தபடி பெல்ட்டில் ஊர்ந்து, உண்மை ஆமையை விடக் கொஞ்சம் வேகமாகப் போய், அந்தப் பக்கம் வந்தது. சத்தமே இல்லை.

அடுத்து முயல்.

காது உள்ளே போனது. முகம் உள்ளே போனது.

மெஷின் கூவியது.

ரேடியோ கையைத் தட்டினாள். சூப்பர்வைசர் தலையில் கையை வைத்துக்கொண்டார். காந்தத்துக்குச் சந்தோஷம். முயல்தான். யானை இல்லை. சின்னவள் வீட்டுப் பக்கமே போக வேண்டாம். மனசு அதற்குள் வீட்டுக்குப் போய்க் கொட்டிப்போன டீயை மறுபடி போட்டுக் குடிக்க ஆரம்பித்துவிட்டது.

சாப்பாட்டு அறைக்குக் கொண்டுபோய், ரேடியோவின் அனுமதியோடு முயலின் முதுகைப் பிரித்தாள். பஞ்சை நூல் நூலாக மேஜையில் பரப்பினாள். பஞ்சுதான். மறுபடி தடவினாள். பஞ்சுதான்.

காலியான முயல் தோல் அவளை இரண்டு பளபளப்புக் கண்களால் பார்த்தது.

அந்தக் கண்கள். முயலுக்கேற்ற அளவில் பிளாஸ்டிக் கண் இல்லாமல், புருஷனின் பழைய கோட்டிலிருந்து அறுத்து வைத்த பொத்தான்கள். திருப்பிப் பார்த்தாள். பின்னால் தைப்பதற்கு ஒரு குட்டி இரும்பு வளையம். கண்ணை அறுத்தெடுத்துவிட்டு, வெறும் தோலை மெஷினில் விட்டாள். சத்தமில்லை.

"அப்போ யானை" என்றாள் ரேடியோ, மெல்ல.

"யானை."

"யாருக்குக் குடுத்தே?"

காந்தம் முயல் தோலை ரேடியோ கையில் கொடுத்துவிட்டுத் தலை வலையைக் கழற்றினாள். சூப்பர்வைசர் "நீ கிளம்பும்மா. இங்க நான் உக்காந்துக்கறேன்" என்றார். ஸ்டூலில் உட்காரும்போது தன் சாவிக்கொத்தை எடுத்து வெளியே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

பஸ் முழுக்க ஈரக் குடைகள். ஜன்னல் ஓரம் நின்றுகொண்டு காந்தம் ஒரு பொய் தயாரித்தாள். யானையின் காது சரியாகத் தைக்கவில்லை, பிய்ந்துவிடும், எடுத்துப்போய்ச் சரிபண்ணித் தருகிறேன். நல்ல பொய். குறை சொல்ல முடியாது. ஊசியை எடுத்துவிட்டு, இரண்டு நாளில் புருஷனிடமே திருப்பிக் கொடுத்து அனுப்பலாம். யாருக்கும் எதுவும் தெரியாது. பஸ்ஸை விட்டு இறங்கி, தேங்கிய தண்ணீரைத் தாண்டித் தாண்டி அந்தக் கட்டிடத்துக்குள் நுழைந்து, இரண்டாவது மாடி ஏறி அழைப்பு மணியை அழுத்துகிற வரைக்கும் அதை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தாள்.

கதவைத் திறந்தது சின்னவளின் அம்மா. மகள் வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து குழந்தையைப் பார்த்துக்கொள்ள வந்து தங்கியிருக்கிறவர்.

"யாரு?"

"நான்தாம்மா. பெரியவ."

"தெரியுது. எனக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. என்ன இந்தப் பக்கம்? வழி மறந்துட்டீங்களா?"

"குழந்தையைப் பாக்கலாம்னு..."

"பொறந்து இத்தனை மாசத்துக்கு அப்புறமா? வாங்க. செருப்பை அங்கயே விடுங்க. பார்த்து, தரை ஈரமாகுது."

கூடத்தில் பாய் விரித்திருந்தது. அதன் நடுவில் குழந்தை. நாலாபக்கமும் தலையணையை அணைகட்டி உட்கார வைத்திருந்தார்கள். இரண்டு கையாலும் யானையைப் பிடித்திருந்தது. தும்பிக்கை முழுசும் வாய்க்குள் இருந்தது. எச்சில் வழிய வழிய அதைச் சப்பிக்கொண்டே காந்தத்தை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தது.

காந்தம் தாவிப்போய் யானையைப் பிடித்தாள்.

குழந்தை வீறிட்டது. அந்தம்மா குறுக்கே வந்தார். "என்ன பண்றீங்க? குழந்தை கையிலருந்து பிடுங்குறீங்க?"

"இல்லம்மா, இதோட காது... சரியா தைக்கல. பிஞ்சிடும். எடுத்துட்டுப் போய்ச் சரிபண்ணி..."

"காது நல்லாத்தான் இருக்கு. குடுங்க இப்படி. ஒரு வாரமா அது இல்லாம அவ தூங்குறதில்ல. குடுத்ததைத் திரும்பி வாங்குற பழக்கம் எங்க வீட்டுல கிடையாது."

"நாளைக்கே திருப்பிக் குடுத்துடறேன்."

"நாளைக்கு என்ன, இப்பவே குடுங்க. குழந்தை எப்படி அழுவுது பாருங்க. உங்களுக்குப் பிடிக்கலைன்னா அனுப்பாமலே இருந்திருக்கலாம்."

குழந்தை கையை நீட்டி நீட்டி அழுதது. அந்தம்மா யானையின் ஒரு காலைப் பிடித்தார். இந்தப் பக்கம் இவள் தும்பிக்கையைப் பிடித்திருந்தாள். இழுத்தால், உள்ளே இருக்கிற ஊசி எந்தப் பக்கம் முனையை நீட்டுமோ? அந்தம்மா கையில் ஏறினாலும் ஏறும்.

"இழுக்காதீங்கம்மா" என்றாள் காந்தம். "உள்ள ஊசி இருக்கு."

அந்தம்மாவின் கை தானாக விட்டது.

"என்ன சொன்னே?"

"ஊசி. தைக்கும்போது உள்ள போயிருக்கணும். இன்னைக்குக் காலையிலதான் காணோம்னு பாத்தேன். காது, கீதெல்லாம் பொய். உண்மை இதுதான்."

"பொம்மைக்குள்ள ஊசி." அந்தம்மா ஒவ்வொரு சொல்லாக வைத்தார். மரியாதை எல்லாம் கழன்று விழுந்திருந்தது. "என் பொண்ணைப் பாத்து அன்னைக்கு நீ என்ன கேட்டேன்னு எனக்குத் தெரியும். அவ சொல்லல. உன் கொழுந்தன் சொன்னான். இப்ப அவ வயித்துல ஒண்ணு பொறந்ததும் பொம்மைக்குள்ள ஊசி வச்சு அனுப்புறே. இதுக்குப் பேரு என்னன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்மா. நீங்க அப்படித்தான் நினைப்பீங்கன்னு தெரியும். அதனாலதான் பஸ்ல வரும்போது பொய்யை யோசிச்சுட்டு வந்தேன்."

"மாப்பிள்ளை வரட்டும். இன்னைக்கு..."

"அம்மா."

உள்ளறை வாசலில் சின்னவள் நின்றிருந்தாள். நைட் டூட்டி முடித்து வந்து தூங்கியிருக்க வேண்டும். முகத்தில் தலையணை மடிப்பு. அவள் மருத்துவமனையில் நர்ஸ். அடிபட்டு வருகிறவர்களுக்குக் காயம் தைக்கிற அறையில் டாக்டருக்குக் கைகொடுப்பவள். பேசாத இந்தக் காலத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தாள். காந்தத்தைப் பார்த்தாள். அதே பார்வை, எதையும் சொல்லாத பார்வை.

"அம்மா, அவளுக்குப் பசிக்குது. தூக்கிட்டுப் போய்ப் பால் கலக்கிக் குடு."

"இவ என்ன சொல்றான்னு கேட்டியா நீ?"

"கேட்டுது. பக்கத்து வீட்டுக்கும் கேட்டிருக்கும். தூக்கிட்டுப் போம்மா."

அந்தம்மா முணுமுணுத்துக்கொண்டே குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குள் போனார். கூடத்தில் இருவர் மட்டும். காந்தம் கையில் யானை. அவள் விரல்கள் தாமாகவே வேலையைத் தொடங்கிவிட்டன. தும்பிக்கையை அமுக்கின. இல்லை. கால்களை அமுக்கின. இல்லை. வயிற்றை இரண்டு கட்டைவிரலாலும் பிசைந்து பார்த்தாள். முயலை விட இது தளர்வாக இருந்தது. யாரோ பஞ்சை எடுத்து மறுபடி அடைத்த மாதிரி.

காதைத் தூக்கினாள்.

காதுக்கு அடியில், அவள் போடாத தையல் ஒன்று இருந்தது. தன் கைப் பின்னலை அவள் ஆயிரத்தில் கண்டுபிடிப்பாள். இது அவள் கை இல்லை. குரோஷா தெரிந்த எந்தக் கையும் இல்லை. கறுப்பு நூலில், ஒவ்வொரு தையலும் தனியாக முடிச்சுப் போட்டு, தனித்தனியாக நறுக்கி, வரிசையாக நின்றது. சைக்கிளிலிருந்து விழுந்து இவள் மகன் நெற்றியில் ஒரு தடவை அப்படித் தையல் போட்டுக்கொண்டு வந்திருக்கிறான்.

நிமிர்ந்தாள். சின்னவள் சுவரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ..."

"வந்த மறுநாளே" என்றாள் சின்னவள். "புதுப் பொம்மையாச்சே, ஒரு தரம் அலசிக் குடுக்கலாம்னு தண்ணில போட்டுப் பிழிஞ்சேன். உள்ளங்கையில ஏறிடுச்சு."

"ஐயோ. கையைக் காட்டு."

"ஆறிப்போச்சு. ஊசி எனக்கென்ன புதுசா? மத்தவங்களுக்குக் குத்துறதுதானே என் வேலை. இந்தத் தடவை நான் வாங்கிக்கிட்டேன்."

காந்தம் பாயில் உட்கார்ந்துவிட்டாள். "யார்கிட்டயும் சொல்லலையா?"

"யார்கிட்ட சொல்ல? எங்க அம்மாகிட்டயா? இப்பப் பாத்தீங்கல்ல. உங்க கொழுந்தன்கிட்ட சொன்னா லாரியைத் திருப்பிக்கிட்டு நேரா உங்க வீட்டு வாசலுக்கு வந்திருப்பார்."

"நீ என்ன நினைச்சே?"

சின்னவள் வந்து எதிரே பாயில் உட்கார்ந்தாள். தலையணை அணையில் ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"பொய் சொல்ல மாட்டேன்க்கா. முதல்ல எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. ஊசியைக் கையில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் உக்காந்திருந்தேன். நீங்க அன்னைக்குச் சொன்னது காதுல ஓடிக்கிட்டே இருந்துச்சு. தூக்கிக் குப்பையில போடலாம்னுதான் எழுந்தேன்."

"போட்டிருக்கலாம்."

"அப்புறம்தான் பாத்தேன். ஊசியில நூல் கோத்திருந்துச்சு. யானை நூல், அதே சாம்பல். நுனியில முடிச்சு போட்டுப் பாதி தைச்சு நின்னுது. கெடுக்கணும்னு ஊசி வைக்கிறவ நூலை எதுக்குக் கோக்குறா? முடிச்சை எதுக்குப் போடுறா? இது யாரோ கூப்பிட்டு, அவசரத்துல விட்டதுன்னு புரிஞ்சுது. கூப்பிட்டது யாருன்னும் புரிஞ்சுது. மாமா அன்னைக்கு மழை மழைன்னு குதிச்சுக்கிட்டேதான் வந்தார்."

காந்தம் சிரித்தாள். சிரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டது. அதைத் துடைக்க யானையைத்தான் தூக்கினாள்; எச்சில் ஈரம் கன்னத்தில் ஒட்டியது.

"சொல்லி அனுப்பியிருக்கலாமே. நான் காலையிலருந்து செத்துப் பொழைச்சேன். ஒரு முயலைக் கொன்னுட்டு வந்திருக்கேன்."

"நம்பர் இல்ல. அழிச்சுட்டேன்."

"நீயுமா?"

"அன்னைக்கே." சின்னவள் தலையணை ஓரத்தை உருட்டினாள். "அதோட, நீங்க வர்றீங்களான்னு பாக்கணும்னு இருந்துச்சு. உங்க டப்பா எனக்குத் தெரியாதா? ஒரு ஊசி குறைஞ்சா உங்களுக்குச் சோறு இறங்காது. கண்டுபிடிச்சிடுவீங்க, அது நிச்சயம். கண்டுபிடிச்சதும் என்ன செய்வீங்கன்னுதான் தெரியல. மாமாவை அனுப்பி நைசா வாங்கிக்குவீங்களா, இல்ல நேர்ல வந்து சொல்லுவீங்களா."

"அனுப்பத்தான் பாத்தேன். மாமாவுக்குச் சிக்னல் கிடைக்கல."

"அப்போ லிஃப்டுக்குத்தான் நன்றி சொல்லணும்."

"வந்தும் பொய்தான் சொன்னேன்."

"கேட்டுது. கதவுக்குப் பின்னாடிதான் நின்னேன். காது பிஞ்சிடும்னு சொன்னீங்களே, அப்போ எனக்கு மனசு விட்டுப்போச்சு. சரி, இவ்வளவுதான்னு படுக்கப் போனேன். திரும்பும்போதுதான் ஊசின்னு சத்தம் வந்துச்சு."

சமையலறையில் கரண்டி விழுந்தது. குழந்தை கெக்கலித்தது. ஜன்னலுக்கு வெளியே மழை விட்டு, கூரைகளிலிருந்து சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"அன்னைக்கு நான் சொன்னது..." என்று காந்தம் ஆரம்பித்தாள்.

"வேண்டாம்க்கா."

"இல்ல, சொல்லணும். சொன்ன மறு நிமிஷமே வாயைத் தைச்சுக்கலாம் போல இருந்துச்சு. அன்னைக்கும் ஊசி என்கிட்டதான் இருந்துச்சு. வாயைத்தான் தைச்சுக்கல. தப்பு. அவ்வளவுதான். வேற எதுவும் சேர்த்துச் சொல்லத் தெரியல."

"நானும்தான் நாலு பேர் முன்னாடி உங்களைப் பாத்துச் சிரிக்க வச்சேன்." சின்னவள் எழுந்து உள்ளே போனாள். திரும்பி வரும்போது கையில் ஒரு மாத்திரை டப்பி. அதைத் திறந்து நீட்டினாள். பஞ்சு மெத்தையில் கூர் ஊசி படுத்திருந்தது. காதில் இன்னும் அந்தச் சாம்பல் நூல். "இந்தாங்க. கொதிக்க வச்சு எடுத்திருக்கேன். பழக்கதோஷம்."

காந்தம் அதைத் தன் சேலைத் தலைப்பில் குத்தப்போனாள், நிறுத்தினாள். டப்பியை மூடி, இறுக்கி, கைப்பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து, ஒரு தரம் தொட்டும் பார்த்துக்கொண்டாள். சின்னவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"இந்தத் தையலைப் பிரிச்சு ஒழுங்கா மூடித் தரவா?" காந்தம் யானையின் காதைத் தூக்கிக் காட்டினாள். "கறுப்பு நூல் தெரியுது பாரு."

"இருக்கட்டும்க்கா. ஆபரேஷன் முடிஞ்ச யானை. நோயாளி நல்லாத்தானே இருக்கு?"

அந்தம்மா குழந்தையோடு வந்தார். முகம் இன்னும் இறுகித்தான் இருந்தது. ஆனாலும் இன்னொரு கையில் டீ டம்ளர் இருந்தது. அதைக் காந்தத்துக்குப் பக்கத்தில் தரையில் கொஞ்சம் அழுத்தமாகவே வைத்தார். "குடிச்சிட்டுப் பேசுங்க" என்று மட்டும் சொன்னார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார் என்பது அந்த 'ங்க'விலேயே தெரிந்தது.

யானை குழந்தை கைக்குப் போனது. தும்பிக்கை வாய்க்குப் போனது. காந்தம் காலையிலிருந்து குடிக்காத டீயைக் குடித்தாள். கொஞ்சம் ஆறியிருந்தது. அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

கிளம்பும்போது சின்னவள் டி.வி. மேஜையிலிருந்து ரிமோட்டை எடுத்து நீட்டினாள். பாதிப் பொத்தான்களில் பல் தடம்.

"எல்லாத்தையும் கடிக்கிறா. நேத்து சத்தம் கூட்டுற பொத்தானைப் பிய்ச்சு வாயில வச்சிருந்தா. இதுக்கு..." முடிக்காமல் நிறுத்தினாள். கன்னம் சிவந்திருந்தது.

காந்தம் முகத்தை வெகு சாதாரணமாக வைத்துக்கொண்டாள். "இதுக்கு என்ன?"

"உறை ஒண்ணு."

"என்ன கலர்?"

"எதுவா இருந்தாலும் சரி. பொத்தான் இருக்கிற இடம் தெரிஞ்சா போதும்."

காந்தம் ரிமோட்டின் மேல் சாண் வைத்து, அப்புறம் விரல் வைத்து அளந்துகொண்டாள். வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டாள். "ஞாயிற்றுக்கிழமைக்குள்ள முடிச்சிடுவேன். ஊசியை எண்ணிப் பாத்துட்டு மாமாகிட்ட குடுத்து அனுப்புறேன்."

சின்னவள் ரிமோட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டாள்.

"அனுப்பாதீங்க. நீங்களே எடுத்துட்டு வாங்க."